ஈரோட்டில் மதியம் நின்றுவிடும் ஐ5-2500கே கணினிக்கு

வணக்கம். இன்டெல் ஐ5-2500கே செயலியின் வேகத்தைச் சுமார் 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிய கணினி ஈரோட்டு வெயிலில் மதியத்தில் மட்டும் நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள்; சூட்டைச் சந்தேகிப்பது நியாயமே, ஆனால் அடிப்படைக் கடிகாரத்தை (செயலியின் வேகத்துக்கு அடித்தளமான துடிப்பை) 100-இலிருந்து 106 மெகாஹெர்ட்ஸாக்கியதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இந்தத் தலைமுறையில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கானது), சாட்டா (ஹார்ட் டிஸ்குக்கானது) இணைப்புகளும் அதே கடிகாரத்தில் ஓடுவதால், ஹார்ட் டிஸ்கில் உள்ள கோப்புகளே கெடக்கூடும். அதை 100-க்கே திருப்பி, மெமரியை 1333 மெகாஹெர்ட்ஸில் 1.5 வோல்ட்டில் நிறுத்திவிட்டு, மல்டிப்ளையரை (அந்தக் கடிகாரத்தைப் பெருக்கிச் செயலியின் வேகத்தைத் தரும் எண்ணை) மட்டும் 40-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் உச்சி வெயில் நேரத்திலேயே செயலியை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஓட்டிப் பாருங்கள். கோர் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறங்கிவிடுங்கள். இதற்கெல்லாம் முன்பு, செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றுங்கள். பக்கத்தில் தறிக்கூடம் என்கிறீர்கள். ஃபேனுக்கு அடியில், தகடுகளின் இடுக்கில் பஞ்சுத்தூசி கம்பளிபோல் அடைந்திருக்கும், செயலிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே காய்ந்துபோன பேஸ்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். மெமரியை 1600 ஆக்குவது கடைசி வேலை. மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரல் ஒரே ஒரு பிழை காட்டினாலும் 1333-க்கே திரும்பிவிடுங்கள்.