ஒரே குளம், ஒரே வெளிச்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நடை பற்றியும் இயற்கையைப் பார்ப்பது பற்றியும் நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் ஒளிப்படக் கலைஞன் அல்லன். அலுவலகம் போய்வருபவன், கையில் ஒரு கேமரா வைத்திருப்பவன், அவ்வளவே. வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஒரு குளமும், அதன் கரையில் ஒரு பெரிய மரமும், மண்பாதையும், தொலைவில் ஒரு குன்றும் இருக்கின்றன. ஓராண்டுக்கும் மேலாக விடியலிலும் அந்தியிலும் அங்கே போய்ப் படமெடுக்கிறேன். அந்தப் பொன்னிற வெளிச்சத்துக்காகவே போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். சூரியன் மரத்தின் இரண்டு பெருங்கிளைகளுக்கு நடுவே வருமாறு இடம் பார்த்து நின்று எடுப்பேன். வெளிச்சம் மந்தமாக இருந்தால் கேமராவை வெளியே எடுப்பதில்லை. எடுத்தாலும் அன்றிரவே அழித்துவிடுவேன்.

பருவங்கள் மாறுவதை ஒரே இடத்தில் நின்று பதிவுசெய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் ஓராண்டுப் படங்களையும் அண்மையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது கோடை எது, மழைக்காலம் எது என்று எனக்கே தெரியவில்லை. நண்பர்களும் எல்லாம் ஒரே படம்போல் இருக்கிறது என்கிறார்கள். இந்த இடத்தில் இனி எடுக்க ஒன்றுமில்லையா? மலைகளுக்கோ பனி பொழியும் ஊர்களுக்கோ போனால்தான் பருவத்தை எடுக்க முடியுமா? அல்லது இதைவிட நல்ல லென்ஸ் வேண்டுமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கேள்விகளுக்கான விடை, அவற்றுக்கு முன்னால் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் மூன்று செய்திகளிலேயே இருக்கிறது. விடியலிலும் அந்தியிலும் மட்டும் போகிறீர்கள். சூரியன் கிளைகளுக்கு நடுவே வருமாறு நகர்ந்து நிற்கிறீர்கள். மந்தமான படங்களை அழித்துவிடுகிறீர்கள். பருவத்தைப் படத்திலிருந்து நீக்க வேண்டும் என்று ஒருவர் முனைந்து திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

முதலில் அந்தப் பொன்னிற வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். எந்த மாதமானாலும் விடியலில் சூரியன் தொடுவானத்தை ஒட்டியே இருக்கிறது. தலைக்கு மேலே நிற்கும்போது கடந்துவரும் காற்றைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றை அப்போது அதன் ஒளி கடந்து வரவேண்டியிருப்பதால், நீலம் வழியிலேயே சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மட்டுமே நம்மிடம் வந்துசேர்கின்றன. கோடையிலும் இதுவே நடக்கிறது, குளிர்காலத்திலும் இதுவே நடக்கிறது. நிழல்கள் எப்போதும் நீண்டே கிடக்கும், நீர் எப்போதும் மின்னும், மரம் எப்போதும் கருநிழலுருவாகவே நிற்கும். தூசியும் மேகமும் ஒரு நாளின் விடியலை இன்னொரு நாளின் விடியலிலிருந்து வேறுபடுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அது அந்தந்த நாளின் வேறுபாடு. அதிலிருந்து பருவத்தைப் பிரித்தறிவது கடினம். உங்கள் நண்பர்கள் சொன்னதில் தவறில்லை. அவர்கள் ஓராண்டு முழுவதும் ஒரே வெளிச்சத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

விடியல் படத்தில் பருவம் தெரியவே தெரியாதா என்றால், ஓரிடத்தில் தெரியும்: சூரியன் எங்கே எழுகிறது என்பதில். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கே சூரியன் உதிக்கும் புள்ளி ஓராண்டில் தொடுவானத்தில் ஏறத்தாழ 47 பாகை நகர்கிறது. வடக்கிலோ தெற்கிலோ விலகிப் போகப்போக இந்த வீச்சு இன்னும் கூடுகிறது. ஜூன், டிசம்பர் மாதங்களின் பிற்பகுதியில் அது அசையாமல் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாள் விட்டுப் பார்த்தாலே இடம் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியும். முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள உணரி கொண்டதில்) 50 மி.மீ. லென்ஸ் அகலவாக்கில் காணும் கோணம் ஏறத்தாழ 40 பாகைதான். நீங்கள் ஒரே இடத்தில், ஒரே திசையை நோக்கி அசையாமல் நின்று எடுத்திருந்தால், ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் சட்டகத்தை விட்டே வெளியேறியிருக்கும், இன்னொரு பகுதியில் மரத்தைத் தாண்டி மறுபக்கம் போயிருக்கும். அந்த நகர்வு ஒன்றே ஒரு வரிசைக்குப் போதுமான பொருள். நீங்களோ சூரியன் நகர நகரக் கூடவே நகர்ந்து, அதைத் திரும்பத் திரும்ப அதே இரு கிளைகளுக்கு நடுவே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள்!

இனி நண்பகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒளிப்படம் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் முதல் பாடத்திலேயே நண்பகல் வெயிலைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஒருவருடைய முகத்தை எடுப்பதென்றால் அந்த அறிவுரை சரி. கண்குழியில் நிழல் விழுந்து முகம் கெட்டுவிடும். நிலத்தைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கமாட்டேன். சூரியனின் உயரம் பருவத்துக்குப் பருவம் மிகுதியாக மாறுவது நண்பகலில்தான். வெப்பமண்டலத்துக்கு வெளியே எந்த இடத்திலும் கோடை நண்பகலுக்கும் குளிர்கால நண்பகலுக்கும் நடுவே சூரியனின் உயரம் ஏறத்தாழ 47 பாகை வேறுபடுகிறது. வட அட்சரேகை 50 பாகையில் ஜூன் நண்பகலில் ஏறத்தாழ 63 பாகை உயரத்தில் நிற்கும் சூரியன், டிசம்பர் நண்பகலில் 17 பாகையைக்கூடத் தொடுவதில்லை. அங்கே குளிர்காலத்தில் நாள் முழுவதும் அந்திபோலவே கழிகிறது. கடக, மகர ரேகைகளுக்கு நடுவே இருப்பவர்களுக்கோ சூரியன் ஆண்டில் இருமுறை நேர் உச்சிக்கு வந்து நிழலைக் காலடியில் ஒடுக்கிவிட்டு, பிறகு மறுபக்கம் சாய்கிறது. மரத்தின் எந்தப் பக்கத்தில் நண்பகல் வெயில் விழுகிறது என்பதே அங்கே பருவத்துக்குப் பருவம் மாறும். இவற்றில் எதுவும் விடியலில் தெரியாது.

தமிழ் மரபுக்கு இது புதிதும் அன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் தனித்தனியாகப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்தே முதற்பொருள், அதாவது பாட்டுக்கு அடிப்படையான பொருள், என்கிறது. அந்தப் பொழுதிலும் ஆண்டின் பெரும்பொழுது, நாளின் சிறுபொழுது என இரு வகை உண்டு. முல்லைக்குக் காரும் மாலையும் அமைந்ததுபோலப் பாலைக்கு வேனிலும் நண்பகலும் அமைந்தன. எந்தப் பருவத்தை எந்த வேளையில் பார்க்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. வேனிலை விடியலில் போய்த் தேடுகிறவருக்கு வேனில் கிடைக்காது.

ஆகவே விடுமுறை நாளில் கோடை உச்சிவேளையில் அதே குளத்துக்குப் போங்கள். நீர் வற்றி விலகிய இடத்தில் சேறு வெடித்துக் கிடக்கும். குனிந்து அருகில் பாருங்கள்: மேற்பரப்பு அடிமண்ணைவிட முந்திக் காய்ந்து சுருங்குவதால் ஒவ்வொரு வில்லையின் விளிம்பும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், அந்தச் சுருளின் நிழல் அதன் அடியிலேயே மெல்லிய கறுப்புக் கோடாகக் கிடக்கும். நீர் படிப்படியாக இறங்கியதற்கான வரிகள் கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். மேல் வரி வெளுத்தும் கீழ் வரி இன்னும் ஈரத்தில் கறுத்தும் இருக்கும். வானம் நீலமாக இல்லாமல் வெளிறியிருக்கும், புல் வைக்கோல் நிறத்தில் இருக்கும், குன்று ஏறக்குறையக் காணாமலே போயிருக்கும். இந்தப் படம் அழகாக வராது. பார்ப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்படி வந்தால் அதுவே சரியாக வந்த படம்.

குன்றைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் உங்கள் சட்டகத்தில் பருவத்தை மிகத் துல்லியமாகக் காட்டக்கூடியது அதுதான். வறண்ட நாட்களில் காற்றில் மிதக்கும் நுண்தூசி ஒளியைச் சிதறடித்து, தொலைவிலுள்ள பொருளின் கருமையையெல்லாம் வெளிறச் செய்துவிடும். நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் தூசி கழுவப்பட்டு, அதே குன்று பாறையும் புதரும் தனித்தனியாகத் தெரியும்படி நெருங்கி வந்து நிற்கும். இதற்குத் தனிக் கலைத்திறன் எதுவும் தேவையில்லை. ஒரே இடத்திலிருந்து, ஒரே லென்ஸில், குன்றைச் சட்டகத்தில் ஒரே இடத்தில் வைத்து எடுத்தால் போதும்.

மந்தமான நாட்களை நீங்கள் ஒதுக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. மேகம் மூடிய வானம் நிழலை அழித்துவிடுகிறது, ஆனால் நிறத்தைத் திருப்பித் தருகிறது. ஈரமான மரப்பட்டையைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது அதன் நுண்துளைகளிலும் சொரசொரப்பிலும் பட்டு எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியே அதற்கு ஒரு சாம்பல் பூச்சைக் கொடுக்கிறது. நீர் அந்தத் துளைகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து, பட்டை கறுக்கிறது, அதன்மேல் படர்ந்த பாசி பளிச்சென்று எழுகிறது. மழைக்காலத்தின் நிறம் என்று நாம் மனத்தில் வைத்திருப்பது இந்தக் கருமையும் பச்சையும் சேர்ந்த நிறத்தைத்தான். அது வெயில் வந்து பட்டை உலர்ந்ததும் போய்விடும். நீங்கள் அன்றிரவே அழித்த படங்களில் மழைக்காலம் முழுவதும் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேமராவும் இந்த அழிப்பில் தன் பங்கைச் செய்கிறது. அதன் தானியங்கி எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்று தானே முடிவுசெய்யும் அமைப்பு, காணும் காட்சியையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெண்மூடுபனியை அழுக்கு நிறமாக்கும், கார்மேகத்தை வெளிறவைக்கும். வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிக்கட்டும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், பனிக்காலத்தின் நீலச் சாயலையும் கோடைத் தூசியின் மஞ்சளையும் பிழை என்று கருதி இரண்டையும் நடுநிலைக்கு இழுக்கும். பருவம் என்பதே பெரும்பாலும் இந்தச் சாயல்களில்தான் இருக்கிறது. ஒயிட் பேலன்ஸைப் பகல்வெளிச்சத்துக்கு, ஏறத்தாழ 5500 கெல்வினுக்கு, நிறுத்திவிட்டு ஆண்டு முழுவதும் அதைத் தொடாதீர்கள். மூடுபனியில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளியை இரு மடங்காக்கும் அளவு) கூட்டுங்கள், கருமேகத்தில் சற்றே குறையுங்கள். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுப்பவராக இருந்தால் பிறகும் திருத்தலாம் என்றாலும், வீட்டுக்கு வந்து திரையின் முன் உட்காரும்போது அன்றைய சாயல் எப்படி இருந்தது என்பதைக் கண் மறந்துவிட்டிருக்கும்.

பயணம் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆசை இருந்தால் போங்கள். அது இந்த வேலைக்கு மாற்று ஆகாது. ஓர் ஊரில் மூன்று நாள் தங்குபவருக்குக் கிடைப்பது அந்த ஊரின் ஒரு பருவத்தின் மூன்று நாட்கள்தான். செக் ஒளிப்படக் கலைஞர் யோசெஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் பெரிய கேமராக்களைச் சுமந்து பணிசெய்தவர். 1940ஆம் ஆண்டிலிருந்து 1954 வரை பிராகில் தன் பணிக்கூடத்தின் சன்னலையே அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். வெளியே ஒரு முறுக்கிய மரம், நடுவே கண்ணாடி. மழையில் கண்ணாடியில் வழியும் துளிகள், குளிரில் அதன்மேல் படியும் நீராவி, உறைபனி, பிறகு மரத்தில் பூ. சன்னல் மாறவில்லை, அதனால் மற்ற எல்லாம் மாறுவது தெரிந்தது. உங்களிடம் ஒரு குளமே இருக்கிறது.

ஒவ்வொரு படத்துடனும் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் எர்னாண்டெஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு எழுவதை எடுத்த படம் இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒளிப்படங்களுள் ஒன்று. ஆனால் அவர் தேதியைக் குறிக்கவில்லை. வெவ்வேறு தருணங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். பிற்காலத்தில் வானியல் அறிந்தவர்கள் படத்தில் நிலவு நின்ற இடத்தை வைத்துக் கணக்கிட்டு, அது 1941 நவம்பர் 1 பிற்பகல் 4.49 மணி என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் அவ்வாறு கணக்கிட்டுத் தர யாரும் வரமாட்டார்கள். பருவத்தை எடுப்பவருக்குத் தேதி படத்தின் ஒரு பகுதி.

நண்பர்களுக்குக் காட்டும்போது ஒற்றைப் படமாகக் காட்டாதீர்கள். ஒரே இடத்திலிருந்து, ஒரே சட்டகத்தில், நண்பகலில் எடுத்த நான்கு படங்களை, வெவ்வேறு மாதத்தவையாகப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே தன் வீட்டுக்கு அருகே வயலில் இருந்த கதிர்ப்போர்களை வரைந்த ஓவியங்களில் 15-ஐ 1891-ல் பாரிஸில் ஒரே அறையில் சேர்த்து வைத்தபோதுதான், அவர் வரைந்தது கதிர்ப்போரை அல்ல, அதன்மேல் விழுந்த வெளிச்சத்தை என்பது பார்த்தவர்களுக்கு விளங்கியது. நான்கும் அழகாக இருக்க வேண்டியதில்லை. நான்கும் வேறு வேறாக இருந்தால் போதும்.

லென்ஸ் வேண்டாம். இருப்பதிலேயே ஒரு குவியத் தொலைவை (லென்ஸ் காணும் கோணத்தை முடிவுசெய்யும் அளவை) தேர்ந்து ஓராண்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற கோணம் தருவதாக இருந்தால் சூரியனின் நகர்வும் சட்டகத்துக்குள் அடங்கும். பணம் செலவிட்டே தீருவேன் என்றால் ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்கலாம்; லென்ஸின் முன் மாட்டும் இது ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டுமே உள்ளே விடும். மழை நனைத்த இலைகள்மேல் வானம் பூசும் வெண்பளபளப்பை அது நீக்கி அடியிலுள்ள பச்சையைக் காட்டும், சூரியனுக்குச் செங்குத்தான திசையிலுள்ள நீலவானத்தை ஆழமாக்கும். ஆனால் மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். வானவில்லின் ஒளி தளவிளைவு பெற்றது, அதாவது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வது. ஃபில்டரைத் தவறான பக்கம் திருப்பி வைத்திருந்தால் வில்லின் ஒரு பகுதி கண்ணெதிரே இருந்தும் படத்தில் விழாது.

அன்புடன்,
ஆசிரியர்