விசுவாசம் மட்டும் போதும் என்றால், எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?

"நற்கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினால்தான் கடவுள்முன் நீதிமானாகிறோம் என்றால், ஒருவன் இஷ்டத்துக்கு வாழ்ந்துவிட்டுப் போகலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொனியைப் பார்த்தால் வீட்டில் யாரையோ மனத்தில் வைத்துக் கேட்பதாகப் படுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள். என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். என் அப்பா.

நான் இறையியல் படித்தவன் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) குடும்பம், ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து சோப்புப் பெட்டி பரிசு வாங்கியவன், அவ்வளவுதான். கத்தோலிக்க நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டுவிட்டன. பெரியவர்கள் ராசியாகிவிட்டார்கள்; நாம்தான் கல்யாணப் பந்தியில் இன்னும் அடித்துக்கொள்கிறோம்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28இல், மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மன் பேசுகிறவன் அப்படித்தான் சொல்வான் என்று 1530இல் ஒரு நீண்ட கடிதமே எழுதினார். நம் வேதாகமத்தில் அந்தத் தொல்லை இல்லை. 'விசுவாசத்தினாலேயே' என்று இருக்கிறது. கடைசி ஏகாரம் வேலையை முடித்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, எங்கள் ஊர்ச் சபை ஊழியரான உபதேசியார். அவர் காட்டியதும் எனக்கு அல்ல, அப்பாவுக்கு. முப்பது வருஷக் குடி. வயிறு வீங்கி நார்க்கட்டிலில் கிடந்தார். "நான் கோயில் வாசலை மிதித்தே பல வருஷம். என் பேரில் வரவு என்று ஒன்றும் கிடையாது, உபதேசியாரே. எனக்கு எதற்கு ஜெபம்?" என்றார். உபதேசியார் வேதத்தை மடியில் விரித்து, அந்தச் சொல்லின் கடைசி எழுத்துகளுக்குக் கீழே விரலை வைத்தார். "இந்த 'ஏயே'க்குள் வேறு எதையும் கொண்டுபோக வழியில்லை, அண்ணாச்சி. வரவு இருந்தாலும் வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்."

அப்பா திருந்தினாரா? ஒரேயடியாக இல்லை. அடுத்த வாரமே ஒருமுறை குடித்தார். பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "டீக்கடையில் 340 ரூபாய் நிற்கிறது, கொடுத்துவிடு" என்றார். யாரும் கேட்கவில்லை. கடைக்காரரே மறந்திருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, 330தான் என்று பத்து ரூபாயைத் திருப்பித் தந்தார். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். லூத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் நான்காம் பிரிவில் நீதிமானாக்கப்படுதலைச் சொல்லிவிட்டு, ஆறாம் பிரிவில்தான் நற்கிரியைகளுக்கு வருகிறது. விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாகிறான் என்கிற யாக்கோபு 2:24ஐத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் (வருவீர்கள், தெரியும்) அந்த டீக்கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கேட்டதற்குப் பதில் அதோடு முடிந்தது. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா இறந்த அன்று, உடல் குளிர்பெட்டியில் இருக்கும்போதே, சபை உறுப்பினர் கட்டவேண்டிய சங்கக் காணிக்கையில் ஏழு வருஷப் பாக்கியைக் கட்டினால்தான் குழி வெட்டலாம் என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். சபைக்குக் கரண்ட் பில் இருக்கிறது, கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டிக்குச் சம்பளம் இருக்கிறது, எனக்கும் தெரியும். காணிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கோயிலில் மின்விசிறி இறக்கை ஒவ்வொன்றிலும் உபயம் செய்தவர் பெயர் எழுதியிருக்கும். சுற்றும்போது தெரியாது, கரண்ட் போனால்தான் படிக்க முடியும். அந்தப் பெயர்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர்தான் பணத்தை எண்ணினார். 4,200 ரூபாய், எச்சில் தொட்டு, இரண்டு முறை. அடக்க ஆராதனையில் பிரசங்க வாக்கியம் எபேசியர் 2:8, கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள்.

ரசீதில் அப்பாவின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். திருத்திக் கேட்கவில்லை.