மாத்திரையை எடுப்பதா, தின்பதா? சீன மாணவர்களும் ‘டேக்’கும்: கேள்வி பதில்

சீன மொழி பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது பதினோரு வருஷமாக என் பிழைப்பு. முதல் நான்கு வருஷம் சீனாவில், செங்டு நகரத்தில் ஒரு கல்லூரி. அப்புறம் சிங்கப்பூரில், வேலைக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு. இதே வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியர்கள் ‘டேக்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. சீன ஒலிகளைத் தமிழில் கிட்டத்தட்டத்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈப்போ): டீச்சர், ‘டேக்’குக்குச் சீனத்தில் நேரான சொல் எது? பலகையில் எழுதிப் போட வேண்டும்.

எழுதாதீர்கள். அகராதி ‘நா’ என்று தரும். அது கையால் எடுப்பது, கையில் வைத்திருப்பது. பேனாவை நா, குடையை நா. அதோடு சரி. பஸ்ஸுக்குப் போனால் ‘ட்ஸுவோ’, அதாவது உட்கார். ஃபோட்டோவுக்கு ‘பாய்’, அதாவது தட்டு. மருந்துக்கு ‘ச்சி’, தின். குளியலுக்கு ‘ஷீ ட்ஸாவ்’, அதில் ‘ஷீ’ என்றால் கழுவு. தேர்வுக்கு ‘ட்ஸான்ஜியா’, கலந்துகொள். நேரத்துக்கு ‘ஹுவா’, செலவழி. (பூவுக்கும் அதே ஒலிதான்.) ஆங்கிலத்தில் ஒரே ‘டேக்’ செய்கிற வேலைக்கு அங்கே ஏழு ஆட்கள்.

செங்டுவில் முதல் வருஷம் நானும் ‘டேக் = நா’ என்றுதான் எழுதிப் போட்டேன். மறு வாரம் ஒரு மாணவி தலையைப் பிடித்துக்கொண்டு தாமதமாக வந்தாள். “டீச்சர், ஐ ஈட் மெடிசின், ஸோ ஐ ஸிட் டாக்ஸி” என்றாள். அவள் பக்கத்தில் யோசித்துப் பாருங்கள். மாத்திரையைக் கையில் எடுத்ததைச் சொல்ல வரவில்லை, விழுங்கியதைச் சொல்ல வந்தாள். டாக்ஸியைக் கையில் எடுக்கவே முடியாது. நான் கொடுத்த பொருளை அவள் ஒழுங்காகப் பயன்படுத்தினாள், தப்பு என்னுடையது.

இந்த இடங்களில் ‘டேக்’குக்குச் சொந்தச் சரக்கு அநேகமாகக் கிடையாது, பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் சுமக்கிறது. அதனால் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே கொடுங்கள்: டேக் எ பஸ், டேக் எ ஷவர், டேக் நோட்ஸ். சீனப் பள்ளிகளில் இந்த மாதிரி ஜோடிகளுக்கு ‘குதிங் தாபெய்’ என்று பெயரே உண்டு, நிலையான சேர்க்கை என்று பொருள். அந்தப் பெயரைச் சொன்னதும் மாணவர்கள் நோட்டைத் திறந்துவிடுவார்கள். தனி ‘டேக்’கைப் பலகையில் எழுதாதீர்கள். இதை இன்னும் நாலு தடவை சொல்லப் போகிறேன் என்று நினைக்கிறேன்.

கேள்வி (பினாங்கு): ‘டேக்’, ‘ப்ரிங்’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். என்ன செய்வது?

நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிற இடம் இது. சீனத்தில் கூடவே கொண்டுபோவதற்கு ‘டாய்’ என்று ஒரு சொல். (யாரையும் மரியாதைக் குறைவாகக் கூப்பிடவில்லை, ஒலி அப்படி.) திசையைக் காட்டப் பின்னால் ஒரு வாலை ஒட்டுவார்கள். ‘டாய் லாய்’ என்றால் இங்கே வருகிறது, ‘டாய் ச்யூ’ என்றால் அங்கே போகிறது. லாய் என்பது வா, ச்யூ என்பது போ. நாம் ‘கொண்டு வா’, ‘கொண்டு போ’ என்பதற்கும் இதற்கும் நூலிழை வித்தியாசம்கூட இல்லை. இரண்டு மொழியிலும் முன்பாதி ஒன்றே, வால்தான் மாறும். ஆங்கிலம் வாலை உள்ளே இழுத்துக்கொண்டு தலையையே மாற்றிவிடுகிறது.

அதனால் ‘டாய் லாய்’ என்றால் ப்ரிங், ‘டாய் ச்யூ’ என்றால் டேக் என்று சொன்னால் போதும். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள். தொலைபேசியில் பேசும்போதுதான் சிக்கல். “நாளைக்கு உன் வீட்டுக்கு வரும்போது கேக் கொண்டு வருகிறேன்” என்பதற்கு ஆங்கிலம் கேட்பவர் நிற்கும் இடத்தை வைத்து ‘ப்ரிங்’ போடும். அதைத் தனியாக ஒரு நாள் நடத்துங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து இணைய வகுப்பு எடுப்பவர்): நான் ‘டேக்’ என்று சொல்லி எழுத வைத்தால், பாதிப் பேர் அதன் முதல் ஆங்கில எழுத்துக்குப் (T) பதில் அதன் தம்பியை, அதாவது டாக் என்கிற நாய்க்கு வரும் எழுத்தைப் (D) போடுகிறார்கள். காது சரியில்லையா?

அவர்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது, நம் நாக்கைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலக்காரர் ‘டேக்’கின் முதல் எழுத்தைச் சொல்லும்போது ஒரு கொத்துக் காற்று வெளியே வரும். தமிழ் ‘ட’வில் அந்தக் காற்று கிடையாது. மாண்டரின், அதாவது சீனப் பொதுமொழி, பேசுகிறவர் காது அந்தக் காற்றை வைத்துத்தான் இரண்டு எழுத்தையும் பிரிக்கிறது. காற்று வந்தால் ஓர் எழுத்து, வராவிட்டால் மற்றது. நாம் காற்றில்லாமல் சொன்னால் அவர்கள் நாயின் எழுத்தைப் போடுவது நியாயம்தானே.

வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டு ‘டேக்’ என்று சொல்லிப் பாருங்கள். தாள் ஆட வேண்டும். என் தாள் முதல் மாதம் அசையவே இல்லை. மாணவர்கள் சொன்னால் படபடவென்று பறந்தது, ஒருத்தன் கை தட்டினான்.

கடைசி ‘க்’ வேறு கதை. மாண்டரின் சொல் ‘ன்’, ‘ங்’, ‘ர்’ தவிர வேறு மெய்யில் முடியாது. அதனால் ‘டேக்க’ என்று ஒரு வாலை ஒட்டுவார்கள், இல்லையென்றால் ‘க்’கையே விட்டுவிடுவார்கள். சிரிக்காதீர்கள், நாமும் ‘டேக்கு’ என்கிறவர்கள்தான். கேன்டனீஸ், ஹொக்கியன் என்ற தென்சீன மொழிகள் பேசுகிறவர்களுக்கு அந்த ‘க்’ தாய்மொழியிலேயே உண்டு. ஆனால் வாய்க்குள்ளேயே அடைத்துவிடுவார்கள், வெளியே கேட்காது.

கேள்வி (ஜொகூர் பாரு): ‘டேக்’கின் இறந்தகாலமான ‘டுக்’ வரவே மாட்டேன் என்கிறது. “எஸ்டர்டே ஐ டேக்” என்கிறார்கள்.

சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. ‘நேற்று’ என்று சொன்னால் வேலை முடிந்தது. பயிற்சியைத் தவிர வழி இல்லை. ஒரே எச்சரிக்கை: அவர்களுடைய ‘ல’ என்ற ஒட்டை இறந்தகாலம் என்று சொல்லிவிடாதீர்கள். அது செயல் முடிந்ததைக் காட்டுவது. நாளைக்குச் சாப்பிட்டு முடித்ததும் என்பதற்கும் அதே ‘ல’ வரும். அப்புறம் “டுமாரோ ஐ டுக்” என்று எழுதிக் கொண்டுவருவார்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): அக்கா, ‘டேக்’ என்பதற்குச் சீனத்தில் என்ன சொல்வார்கள்?

முதல் பதில்.

கேள்வி (சிராங்கூன்): என் மாணவர் “இட் ஸ்பென்ட் மீ டூ அவர்ஸ்” என்று எழுதுகிறார். எங்கிருந்து வருகிறது இது?

மனப்பாடத்திலிருந்து. ‘ஸ்பென்ட், காஸ்ட், டேக், பே’ நான்குக்கும் வித்தியாசம் என்ன என்பது சீன நடுநிலைப் பள்ளி இலக்கணத்தில் தவறாமல் வரும் பாடம். ஆள் எழுவாய் என்றால் ஸ்பென்ட், பொருள் எழுவாய் என்றால் காஸ்ட், ‘இட்’ வந்தால் டேக் என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். பத்து வருஷம் கழித்து விதி ஞாபகம் இருக்கும், எந்த விதி எந்தச் சொல்லுக்கு என்பது குழம்பிவிடும். சீனத்தில் எல்லாம் ‘ஹுவா’தான், அதன் எழுவாய் பெரும்பாலும் ஆள்தான். பொருளே இல்லாத அந்த ‘இட்’ நமக்கும் கிடையாது, அவர்களுக்கும் கிடையாது.

ஆனால் தமிழில் “வந்து சேர ரெண்டு மணி நேரம் பிடித்தது” என்கிறோம் இல்லையா? பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், நேரம் பிடிக்கிறது. நம் ‘பிடி’தான் ஆங்கில ‘டேக்’குக்குக் கிட்டத்துச் சொந்தம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் எண்ணம். மாணவருக்கு இது உதவாது, உங்களுக்காகச் சொன்னேன்.

கேள்வி (திருச்சி): சீனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே வகுப்பு எடுக்க வேலை கிடைக்குமா மேடம்?

என் துறை இல்லை. 2021 ஜூலையில் அந்த அரசு கொண்டுவந்த விதிகள், வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்துவதைத் தடுத்தன. பணம் கட்டச் சொல்லும் யாரையும் நம்புவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): “ஈட் மெடிசின்” என்று எழுதினால் சிவப்பு மை போட வேண்டுமா? சிங்கப்பூரில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்?

பரீட்சைத் தாளில், அலுவலகக் கடிதத்தில் போடுங்கள். வீட்டுக்குக் கீழே காப்பிக் கடையில் விட்டுவிடுங்கள். இந்த ஊரில் மாண்டரின்காரர் ‘ச்சி யாவ்’ என்று மருந்தைத் தின்கிறார், ஹொக்கியன்காரரும் தின்கிறார், மலாய்க்காரர் ‘மாக்கான் ஊபாட்’ என்கிறார், நாம் மாத்திரை சாப்பிடுகிறோம். நாலு பேரும் தின்கிற ஊரில் ஆங்கிலம் மட்டும் ‘எடுக்கிறது’. எது விநோதம்?

(பினாங்கு, மருந்தாளர்): அப்படிச் சொல்லக் கூடாது டீச்சர். தின்பது என்றால் மெல்வது. மெல்லக் கூடாத மாத்திரைகள் இருக்கின்றன.

சீனத்தில் ‘ச்சி’ போட்டால் யாரும் மாத்திரையை மெல்வதில்லையே ஐயா. அந்தச் சொல் ரொம்ப தூரம் போகும். ‘ச்சி ட்ஸூ’, வினிகர் தின்பது, என்றால் பொறாமைப்படுவது. ‘ச்சி குய்’, நஷ்டம் தின்பது, என்றால் ஏமாந்து இழப்பது. நம் ஊரில் லஞ்சம் தின்கிறவன் நோட்டை மெல்லுகிறானா?

(மதுரை): நாங்கள் மாத்திரை சாப்பிடுவதில்லை, போடுகிறோம். நீங்கள் சொல்லும் தமிழ் எந்த ஊர்த் தமிழ்?

போடுங்கள், நானும் போடுவேன். ரெண்டும் இருக்கிறது. கஷாயம் என்றால் மட்டும் குடிக்கிறோம், சீனர்களும் மூலிகைக் கஷாயத்துக்கு ‘ஹ யாவ்’ என்று குடிக்கத்தான் செய்கிறார்கள்.

(உட்லண்ட்ஸ், மறுபடி): அப்படியானால் சிவப்பு மை எதற்கு? 2000இல் தொடங்கிய நல்ல ஆங்கிலம் பேசுங்கள் இயக்கத்தில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்களா?

நான் எந்த இயக்கத்திலும் இல்லை. என் மாணவர் ஒருவர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். ராத்திரிப் பணி முடிந்து குறிப்பேட்டில் என்ன எழுதுகிறாரோ அதைக் காலையில் வருகிறவர் படிப்பார். அந்த ஏட்டுக்கு ஓர் ஆங்கிலம் இருக்கிறது, அது அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். “தப்பு” என்று எழுதாமல் “இங்கே டேக்” என்று எழுதுங்கள், சிவப்பு மை பிடிக்கவில்லை என்றால் பச்சையில் எழுதுங்கள்.

(பினாங்கு, மருந்தாளர்): விழுங்க வேண்டியது, மெல்ல வேண்டியது, நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியது எல்லாவற்றுக்கும் ‘டேக்’ என்றே சொல்லிவிட்டால் மட்டும் நோயாளிக்குப் புரிந்துவிடுமா?

இதில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ‘டேக்’ எப்படி என்று சொல்லவே சொல்லாது. ஸ்வாலோ, ச்யூ இரண்டையும் அதே பாடத்தில் நடத்தப் போகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): ‘டேக் தி எக்ஸாம்’ என்கிறீர்கள். நாங்கள் ‘ரைட் தி எக்ஸாம்’ என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம்.

தேர்வு எழுது என்பதிலிருந்து வருகிறது, இந்தியாவில் செல்லும். சீனாவில் மாணவர்கள் வழக்கமாக ஜூன் 7 அன்று தொடங்கும் காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை வைத்து யோசிக்கிறவர்கள். 2024இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அவர்களுக்குத் தேர்வில் கலந்துகொள்வதுதான் வழக்கம், அதனால் “ஜாயின் தி எக்ஸாம்” வரும். பிரிட்டிஷ்காரர் தேர்வில் உட்காருகிறார், சீனர் பஸ்ஸில் உட்காருகிறார், நாம் எழுதுகிறோம். ‘டேக்’ எல்லோருக்கும் புரியும், அதையே கொடுங்கள்.

இன்னொன்று. “ஐ டேக் கிளாஸ் அட் செவன்” என்று நான் சொன்னபோது, நானும் ஏதோ படிக்கப் போகிறேன் என்று மாணவர்கள் நினைத்தார்கள். ஆசிரியர் வகுப்பு ‘எடுப்பது’ நம் ஊர் ஆங்கிலம். அவர்கள் ‘ஷாங் க’ என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் பொது, அதனால் சண்டையே இல்லை.

கேள்வி (டெல்லி): ‘டேக்’ எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சீனச் சொல் வேண்டும், ப்ளீஸ்.

இல்லை. கிடையாது. இருந்தால் இத்தனை நேரம் நான் எதற்குப் பேசுகிறேன் தம்பி? பஸ், ஷவர், நோட்ஸ், மெடிசின். பெயர்ச்சொல்லோடு.

கேள்வி (யாழ்ப்பாணம்): ‘டேக்’ பூர்விக ஆங்கிலச் சொல்தானா?

இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே! இல்லை. வைக்கிங்குகளோடு வந்தது, அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘தாகா’. அதற்கு முன் ஆங்கிலத்தில் ‘நிமன்’ என்று ஒரு சொல் இருந்தது. ‘தாகா’ வந்து அதை மெல்ல வெளியே தள்ளிவிட்டது. ‘நிமன்’ செத்தாலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்: ‘நம்’ என்ற ஆங்கிலச் சொல், அதாவது மரத்துப்போன. நிம்பிள், அதாவது சுறுசுறுப்பான. மரத்துப்போனது என்றால் உணர்வு எடுக்கப்பட்டது என்று பொருள். சீன மாணவர்களிடம் இதைச் சொன்னால் ரசிப்பார்கள், அவர்கள் எழுத்துக்குள்ளேயே பழைய கதைகளைத் தேடுகிறவர்கள்.

கேள்வி (மதுரை, மறுபடி): மாத்திரை போடுவதற்கு நீங்கள் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஏழு மணி வகுப்பு இருக்கிறது, கிளம்புகிறேன். எடுக்க.