நாற்காலி எத்தனை போடுவது?

வணக்கம்.

14 முதல் 16 வயது வரையுள்ள 20 பிள்ளைகள் வாராவாரம் கூடும் ஒரு குழுவை நண்பர்களோடு சேர்ந்து நடத்துகிறேன். தலைமைப் பண்பு பற்றி மூன்று வகுப்பு எடுத்தோம். நன்றாகத்தான் கேட்டார்கள். பிறகு ஒரு நிகழ்ச்சியை நடத்தச் சொன்னோம். தலைவனாகத் தேர்ந்தெடுத்த பையனே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தான், மற்றவர்கள் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி இரண்டு நாள் நாங்களே இறங்கி முடித்துக் கொடுத்தோம். எங்கே பிசகினோம்? வாயே திறக்காத பிள்ளைகளை என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிசகு அந்தக் கடைசி இரண்டு நாளில் இருக்கிறது. ‘எப்படியும் பெரியவர்கள் முடித்துவிடுவார்கள்’ என்பதை 20 பேரும் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள். மூன்று வகுப்பில் சொன்னதைவிட இது ஆழமாகப் பதிந்திருக்கும்.

முதலில் எண்ணிக்கை. ஒரு வேலைக்கு 20 பேர் என்றால் 14 பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமுக்கு வந்ததும் ஏறக்குறைய 20 பையன்கள்தான். அவர்களை நான்கு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு மூத்த பையனைத் தலைவனாக வைத்தார். நீங்களும் ஐந்து முதல் ஏழு பேராகப் பிரியுங்கள். ஒவ்வோர் அணிக்கும் நான்கு முதல் ஆறு வாரத்தில் முடியக்கூடிய ஒரு முழு வேலையைக் கொடுங்கள். தேதி குறிப்பது, பணம் செலவழிப்பது, வேண்டாம் என்று கைவிடுவது எல்லாம் அதில் அடக்கம். பெரியவர்கள் தீர்மானித்ததற்குத் தோரணம் கட்டுவது எடுபிடி வேலை. அதில் தலைமைக்கு இடமில்லை.

தொடங்கும் நாளிலேயே ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அவர்களே முடிவு செய்வது, நம்மிடம் சொல்லிவிட்டுச் செய்வது, நாம் மட்டுமே முடிவு செய்வது. மூன்றாவதில் பாதுகாப்பு, பயணம், ஒரு வரம்புக்கு மேற்பட்ட செலவு, இவ்வளவு போதும். அந்தப் பத்தி நீண்டுகொண்டே போனால் பயம் உங்களுடையது, பிள்ளைகளுடையது அல்ல. அவர்களே முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுத்ததைப் பாதியில் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது. ஒருமுறை பிடுங்கினால் அப்புறம் எதற்கும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் தானே செய்யும் தலைவனுக்கு ஒரே ஒரு விதி: வேலைப் பட்டியலில் அவன் பெயர் வரக்கூடாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குவதும், பாதி நாள் கழிந்ததும் போய்ப் பார்ப்பதுமே அவன் வேலை. ‘போஸ்டர் நீ பார்த்துக்கோ’ என்பது வேலையை ஒப்படைப்பது ஆகாது. ‘புதன்கிழமைக்குள் ஒரு மாதிரி வரைந்து காட்டு. தேதி, நேரம், இடம் மூன்றும் தூரத்திலிருந்தே தெரியணும்’ என்பதுதான் ஒப்படைப்பு. இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தானாக வராது.

அடுத்தது உங்கள் வாய். கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் திரும்பி, “சார், நாற்காலி எத்தனை போடணும்?” என்பாள். ‘ஐம்பது’ என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். விழுங்கிக்கொண்டு, “எத்தனை பேர் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்று கேளுங்கள். ஒரு நிமிடம் சங்கடமான மௌனம் இருக்கும், இருக்கட்டும். பிறகு ஒருத்தன், அழைப்புக்குப் பதில் போட்டவர்களை எண்ணத் தொடங்குவான். நீங்கள் வட்டத்துக்கு வெளியே, தலைவரின் முதுகுப் பக்கமாக உட்கார்ந்தால் இது இன்னும் எளிது. இல்லாவிட்டால் பேசுகிறவர்கள் எல்லாரும் உங்களைப் பார்த்தே பேசுவார்கள்.

பேசாத பிள்ளைகளிடம் ‘நீயும் ஏதாவது சொல்லேன்’ என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அந்த வயதில் சக பிள்ளைகள் முன்னால் அசடு வழிவதைவிடப் பெரிய பயம் கிடையாது. கூட்டம் தொடங்கியதும் இரண்டு நிமிடம் எல்லாரும் தாளில் எழுதட்டும், பிறகு வரிசையாக வாசிக்கட்டும், தலைவர் கடைசியில் வாசிக்கட்டும். முதலிலேயே தலைவர் கருத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உண்மையில் கஷ்டமான பாடம் வேறு: தன் நண்பன் வேலையைச் செய்யவில்லை என்று அவனிடமே சொல்வது. பாதிப் பேர் சொல்லமாட்டார்கள், மீதிப் பேர் எல்லார் முன்னாலும் கத்துவார்கள். இரண்டு இரண்டு பேராக நிற்கவைத்து, வாய்விட்டே ஒத்திகை பார்க்கவையுங்கள். “நேத்து தர்றேன்னு சொன்னே, வரலை. என்ன ஆச்சு? எப்ப முடியும்?” இவ்வளவுதான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்பது மட்டும் வரவே கூடாது.

வேலை முடிந்ததும், கெட்டுப்போயிருந்தாலும், அதே வாரத்தில் 20 நிமிடம் உட்காருங்கள். என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவோம். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். 10 பேர் மட்டும் வந்த நிகழ்ச்சி தோல்விதான், ஆனால் யாருக்கும் அடிபடவில்லையே. அந்த மாதிரித் தோல்வியைத் தடுக்காதீர்கள்.

உங்கள் முறை பிடிபட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 1939இல் உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய சகாக்களும், சுமார் 10 வயதுப் பையன்களின் குழுக்களை வெவ்வேறு விதமான தலைமையின்கீழ் வேலை செய்யவிட்டுக் கவனித்து எழுதினார்கள். அதட்டி வேலை வாங்கும் பெரியவர் அறையை விட்டு வெளியே போனதும் அங்கே வேலை படுத்துவிட்டது. கூடிப் பேசி முடிவெடுத்த குழுவில் வேலை ஏறக்குறைய முன்போலவே தொடர்ந்தது. நீங்களும் கூட்டத்தின் நடுவே 10 நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள்.

எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்ட அந்தப் பையனை அடுத்த முறை துணைத் தலைவனாக வையுங்கள், தலைவி வேறு ஒருத்தியாக இருக்கட்டும். பொறுப்பை ஒவ்வொரு வேலைக்கும் மாற்றிக்கொண்டே வந்தால் பதவி இறக்கம் என்று அவனுக்குத் தோன்றாது.