எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் எதற்கு 2 கோடி?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): காங்கயம் பக்கம் நானும் என் மச்சானும் பங்குதாரர்களாக ஒரு எண்ணெய் ரிஃபைனரி நடத்துகிறோம். சென்னை வியாபாரி ஒருவரிடம் 500 டன் கச்சா சூரியகாந்தி எண்ணெயை, கப்பல் வந்துகொண்டிருக்கும்போதே, ஹை ஸீ சேலில் 5 கோடிக்கு வாங்கினோம். 50 லட்சம் மட்டும் பாக்கி. செங்கடலில் அந்த டேங்கர் மீது ஏவுகணைத் தாக்குதல் நடந்தது. முன்பக்கம் தீப்பிடித்து, சால்வேஜ் கம்பெனி (ஆபத்தில் சிக்கிய கப்பலை மீட்பவர்கள்) அணைத்து, சூயஸ் பக்கம் இழுத்துப்போய் நிறுத்தியிருக்கிறது. எங்கள் எண்ணெய் பின்பக்க டேங்கில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் லண்டனிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. சால்வேஜுக்கு 30 சதவீதம், ஜெனரல் ஆவரேஜுக்கு (கப்பலையும் சரக்கையும் சேர்த்துக் காப்பாற்ற ஆன பொதுச் செலவில் எங்கள் பங்கு) 10 சதவீதம், ஆக 2 கோடிக்குச் செக்யூரிட்டி (உத்தரவாதம்) கொடுத்தால்தான் எண்ணெயை விடுவார்களாம். "எல்லாமே கவர் ஆகுதுங்க" என்று சொன்ன இன்சூரன்ஸ் ஏஜென்ட் இப்போது போன் எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியோ, தான் கேரண்டி தர வேண்டுமானால் எங்களிடம் கவுன்டர் கேரண்டி (அந்தப் பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற பதில் உத்தரவாதம்) கேட்கிறது. அம்மா பேரில் உள்ள தென்னந்தோப்பை வைத்து கேரண்டி கொடுத்துவிட்டு, சென்னை வியாபாரி மேல் மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: தோப்புப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். வழக்கையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய காகிதங்களில் சட்டப்படி கணக்கில் வருவது ஒரே ஒரு வரிதான், அதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. பாலிசி நகலின் முதல் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். பல்க் ஆயில் கிளாஸ் (டேங்கில் வரும் எண்ணெய்க்கான காப்பீட்டு விதிகள்), ஸ்ட்ரைக்ஸ் கிளாஸ் (வேலைநிறுத்தம், கலவரம் போன்றவற்றுக்கான விதிகள்) இரண்டும் இணைக்கப்பட்டுள்ளன என்று போட்டிருக்கிறது. வார் ரிஸ்க் (போர் ஆபத்து) என்பதற்கு நேராக மட்டும் "ஓப்பன் கவரில் உள்ளபடி" என்று இருக்கிறது. அந்த ஓப்பன் கவர், அதாவது வியாபாரி தன் எல்லா ஷிப்மென்ட்டுக்கும் சேர்த்து எடுத்த தாய் பாலிசி, உங்களிடம் இல்லை. நீங்கள் கட்ட வேண்டியது 40 லட்சமா, முழு 2 கோடியா என்பதை அந்தக் காகிதம்தான் தீர்மானிக்கும்.

மற்ற மனக்குறைகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கேப்டன் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்திருக்கலாம் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் இன்று அது எண்ணெயை விடுவிக்காது. ஏஜென்ட் வாயால் சொன்னது பாலிசி ஆகாது. தீபாவளி சீசன் போனது, ஓவர்டிராஃப்ட் வட்டி ஏறுவது, மில் சும்மா கிடப்பது எல்லாம் தாமதத்தால் வந்த நஷ்டம். கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963, பிரிவு 55 தாமத நஷ்டத்தை வெளியே தள்ளுகிறது. காப்பீடு செய்த ஆபத்தே தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலும் அதே நிலைதான். அந்தப் பணம் போனது போனதுதான்.

உங்கள் எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் உங்களுடைய பெரிய ஆதங்கம். ஒன்றும் ஆகாததால்தான் உங்களிடம் கேட்கிறார்கள். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு சொத்தும், கப்பலும் சரக்கும், அதனதன் மதிப்புக்கு ஏற்ற பங்கை சால்வேஜுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மூழ்கிப்போன சரக்குக்குப் பங்கு இல்லை. சால்வேஜ்காரருக்கும் பொதுவாக ஏதாவது மீண்டால்தான் கூலி, இல்லையென்றால் இல்லை. 40 சதவீதம் கொள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் தீப்பிடித்த மெர்ஸ்க் ஹோனம் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்களிடம் சால்வேஜுக்கு 42.5 சதவீதம், ஜெனரல் ஆவரேஜுக்கு 11.5 சதவீதம், மொத்தம் 54 சதவீதம் செக்யூரிட்டி கேட்டார்கள். அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. செங்கடலில் 2024 ஆகஸ்டில் தாக்கப்பட்ட சூனியன் டேங்கரில் சுமார் 1,50,000 டன் கச்சா பெட்ரோலிய எண்ணெய் இருந்தது. முதலில் போன இழுவைப் படகுகள் பாதுகாப்பில்லை என்று திரும்பிவிட்டன. அப்புறம் ஐரோப்பியப் போர்க்கப்பல்களின் காவலோடுதான் அதை நகர்த்த முடிந்தது. வேலை முடிந்தது 2025 ஜனவரியில். 1989 சால்வேஜ் உடன்படிக்கையின்படி மீட்பவர் எடுத்த ஆபத்தும் கூலியை முடிவுசெய்யும் ஒரு காரணி. அதனால் கேட்ட சதவீதத்தோடு சண்டை போடாதீர்கள். அது செக்யூரிட்டிதான், முடிவான தொகை அதற்குக் குறைவாகவும் வரலாம்.

சரி, அந்த வரிக்கு வருவோம். பல்க் ஆயில் கிளாஸ் போரை விலக்குகிறது, இது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காதது இதற்கு அடுத்த படி. விலக்கப்பட்ட ஆபத்திலிருந்து தப்பிக்கச் செய்த செலவு என்றால், அந்த சால்வேஜ் பங்கும் ஜெனரல் ஆவரேஜ் பங்கும் சேர்ந்தே விலக்கப்படும். அதாவது வார் கிளாஸ் இல்லையென்றால், ஒரு சொட்டு எண்ணெய்கூட சிந்தாமலே 2 கோடியும் உங்கள் தலையில். வார் கிளாஸ் இருந்தால், உங்கள் எண்ணெய்க்குச் சேதமே இல்லாவிட்டாலும் கம்பெனி உங்கள் பங்கைக் கட்ட வேண்டும்.

செங்கடல் பிரச்சினையால் வார் கவரை ரத்து செய்துவிட்டதாகக் கம்பெனி சொல்லக்கூடும். பயப்பட வேண்டாம், தேதியைக் கேளுங்கள். வழக்கமான ரத்து நோட்டீஸ் 7 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், அதற்கு முன்பே தொடங்கிவிட்ட கவரை அது தொடாது. வார் கவர் தொடங்குவது சரக்கு கப்பலில் ஏறியபோது. ஆகவே தாக்குதல் நடந்த தேதியை விட்டுவிடுங்கள், பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் உரிமை ரசீது) உள்ள லோடிங் தேதிதான் முக்கியம். ஒருவேளை வார் கிளாஸே இல்லை என்றால், ஸ்ட்ரைக்ஸ் கிளாஸில் பயங்கரவாதமும் அரசியல் நோக்கத்தோடு செய்த செயலும் அடங்கும் என்று வாதாடலாம். ஆனால் அந்தக் கிளாஸிலேயே போர்ச் செயலுக்கு விலக்கு இருக்கிறது. பேரம் பேச அந்த வாதம் உதவும், அதை நம்பித் தோப்பை வைக்க முடியாது.

பாலிசியின் பின்பக்கத்தில் வியாபாரி உங்களுக்கு எண்டார்ஸ் செய்த (உங்கள் பேருக்கு மாற்றிய) கையெழுத்தும் முத்திரையும் தேதியும் இருக்கின்றன. பில் ஆஃப் லேடிங்கை உங்களுக்கு மாற்றிய அதே தேதி. இது ரொம்ப நல்ல விஷயம். சரக்கின் மேல் உரிமை போன பிறகு ஒருவர் பாலிசியை மாற்றிக் கொடுத்தால் அது செல்லாது. இந்தத் தேதி இல்லாமல் வருகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

இப்போது கவுன்டர் கேரண்டி. கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நல்ல இன்சூரன்ஸ் கம்பெனி கேரண்டி எழுதிக் கொடுத்தால் அட்ஜஸ்டர் (ஜெனரல் ஆவரேஜ் பங்குகளைக் கணக்கிடுபவர்) ரொக்கம் கேட்கமாட்டார். உங்கள் கையெழுத்தோடு ஆவரேஜ் பாண்ட் (பங்கைக் கட்டுவோம் என்ற உறுதிப் பத்திரம்), கம்பெனியின் கேரண்டி, சரக்கு மதிப்புப் படிவம், இவ்வளவு போதும். சால்வேஜ்காரருக்கு இதே மாதிரி தனியாக ஒரு கேரண்டி. இரண்டும் வேறு வேறு ஆட்களுக்கு. ஒன்றைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று லாரியை அனுப்பியவர்கள் உண்டு. பிரச்சினை எங்கே என்றால், கவர் இருக்கிறதா என்பதில் கம்பெனிக்கே சந்தேகம் இருக்கும்போது, "எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" கேரண்டி தருகிறோம் என்று எழுதி, கூடவே உங்களிடம் ஒரு கவுன்டர் கேரண்டியை நீட்டுவார்கள். அதில் தொகை இருக்காது, கெடு இருக்காது, "கேட்ட உடனே கொடுப்போம்" என்று இருக்கும்.

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட் வெளிநாட்டிலிருந்து மெஷின் இறக்கியது. வழியில் கப்பலில் தீ. மெஷினுக்குக் கீறல்கூட இல்லை. சரக்கு சீக்கிரம் வந்தால் போதும் என்று, படிக்காமலே அந்தக் காகிதத்தில் மூன்று பங்குதாரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மெஷின் வந்தது, ஓடியது, நல்ல லாபமும் பார்த்தார்கள். ஜெனரல் ஆவரேஜ் கணக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும். முடிந்து தொகை வந்தபோது, ஷிப்மென்ட் டிக்ளரேஷன் (சரக்கு ஏறியதைக் கம்பெனிக்கு அறிவிப்பது) தாமதம் என்று காரணம் காட்டி, கம்பெனி கவுன்டர் கேரண்டியை எடுத்து வைத்தது. அதற்குள் ஒரு பங்குதாரர் மனஸ்தாபத்தில் பிரிந்து போயிருந்தார். அவர் குடியிருந்த வீட்டின் மேல் அட்டாச்மென்ட் (ஜப்தி) வந்தது. பங்குதாரர் நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு, பிரிந்து போனாலும் பழைய பொறுப்பு கூடவே வரும். உங்கள் அம்மா இந்த நிறுவனத்தில் பங்குதாரர்கூடக் கிடையாது. அவரைக் கொண்டுபோய் இதில் கையெழுத்துப் போட வைப்பது, சட்டம் கேட்காத ஒரு சொத்தை நீங்களாகவே எடுத்துக் கொடுப்பது.

ஆகவே கவுன்டர் கேரண்டி கொடுத்தால் ஒரு தொகைக்கு மட்டும் கொடுங்கள். எவ்வளவு என்றால், சென்னைக்காரர் தான் வாங்கிய விலையோடு 10 சதவீதம் சேர்த்து 4 கோடிக்கு இன்ஷூர் செய்திருக்கிறார். நீங்கள் வாங்கியது 5 கோடிக்கு. உங்கள் பங்கைக் கணக்கிடும்போது அட்ஜஸ்டர் உங்கள் இன்வாய்ஸைத்தான் பார்ப்பார். மதிப்பு 5, காப்பீடு 4 என்றால், அதே காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 73-ன்படி கம்பெனி ஐந்தில் நான்கு பங்குதான் கொடுக்கும். 2 கோடியில் 1.6 கோடி அவர்களுடையது, 40 லட்சம் உங்களுடையது. வார் கிளாஸ் இருந்தாலும் இந்த 40 லட்சம் உங்களை விடாது. வாங்கிய அன்றே கூடுதல் 1 கோடிக்கு இன்கிரீஸ்டு வேல்யூ பாலிசி எடுத்திருக்க வேண்டும், இப்போது முடியாது. அந்த 40 லட்சத்துக்கு மட்டும், நிறுவனத்தின் பேரில் மட்டும், கெடு போட்டுக் கேரண்டி கொடுங்கள். மதிப்புப் படிவத்தில் 4 கோடி என்று குறைத்து எழுதித் தப்பிக்கலாம் என்று உங்கள் மச்சான் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. குறைத்து எழுதினாலும் அசல் மதிப்பில்தான் பங்கு போடுவார்கள், கூடவே பொய் சொன்னவர் என்ற பெயரும் வரும்.

சென்னை வியாபாரி விஷயத்தில் நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ஒப்பந்தத்தில் எண்டார்ஸ் ஆன நிமிடத்திலிருந்து ரிஸ்க் உங்களுடையது என்று இருக்கிறது. தாக்குதல் அதற்குப் பிறகு நடந்தது. மோசடி வழக்கு நிற்காது. அதைவிட முக்கியம், ஓப்பன் கவர் அவர் மேசையில் இருக்கிறது. இந்த ஷிப்மென்ட்டை எப்போது டிக்ளேர் செய்தார், வார் பிரீமியம் கட்டிய ரசீது எங்கே, ரத்து நோட்டீஸ் வந்ததா, எல்லாம் அவர் கையில். நீங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய மறுநாள் அந்த அலமாரி பூட்டிக்கொள்ளும். அவருக்கு உங்களிடமிருந்து 50 லட்சம் வர வேண்டும். அதை நிறுத்தி வைத்திருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம், கோபத்தில் அதை வீணாக்காதீர்கள். அசல் காகிதங்கள் அத்தனையும் வேண்டும், 40 லட்சத்தில் பாதியை அவர் ஏற்க வேண்டும், ஆகவே 30 லட்சம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று பேசுங்கள். அவர் 10 லட்சம் மட்டும் இறங்கி வந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் கோவையிலோ சென்னையிலோ உட்கார்ந்து பேசுவதற்கு ஆகும் செலவு, லண்டனில் ஒரு வக்கீலிடம் அரைநாள் பேசுவதைவிடக் குறைவு.

வார் கிளாஸ் இல்லை என்று தெரிந்தால் கணக்கே மாறும். அப்போது முழு 2 கோடி போட்டு எண்ணெயை எடுப்பதா, சூயஸிலேயே வேறு வியாபாரிக்கு, செக்யூரிட்டிப் பொறுப்பையும் சேர்த்து, குறைந்த விலைக்கு விற்பதா என்று பேனா எடுத்துக் கணக்குப் போட வேண்டும். சூடான டேங்கில் கிடக்கும் கச்சா எண்ணெயில் அமிலம் ஏறிக்கொண்டே போகும், இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பதிலே சொல்லாமல் இருப்பதுதான் படுமோசமான முடிவு. செக்யூரிட்டி வரும்வரை சரக்கைப் பிடித்துவைக்கக் கப்பல்காரருக்கும் சால்வேஜ்காரருக்கும் உரிமை உண்டு. கப்பல் எகிப்தில் நிற்கும்போது நம் ஊர் கோர்ட்டில் வாங்கும் தடை உத்தரவு அங்கே எதையும் அசைக்காது.

கப்பல் கம்பெனிக்கு எதுவும் எழுதாதீர்கள், முக்கியமாக "உங்கள் மேல் எங்களுக்குக் குறை இல்லை" என்ற தொனியில் ஒரு வரிகூட வேண்டாம். அவர்கள் மேல் வழக்குப் போடும் உரிமை நாளை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். அதை நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டால், க்ளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே காரணம் தந்ததாகிவிடும். கப்பல்காரர் மேல் வழக்குக்குப் பொதுவாக ஒரு வருடம்தான் கெடு, அதையும் குறித்து வையுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, கம்பெனியின் டிவிஷனல் ஆபீசுக்கு ஒரு கடிதம். லண்டன் கடிதங்கள் இரண்டையும் இணைத்து, கேரண்டி தருகிறீர்களா இல்லையா, இல்லையென்றால் பாலிசியின் எந்தக் கிளாஸின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு செய்த ஸ்பீடு போஸ்டிலும் மெயிலிலும் அனுப்புங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஓப்பன் கவர் கைக்கு வந்ததும் வார் பக்கத்தையும் லோடிங் தேதியையும் எனக்கு அனுப்புங்கள். கவுன்டர் கேரண்டியின் வாசகத்தை நானே திருத்தித் தருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்து வேண்டாம்.