போர்டு வேண்டாம், விரலைக் கொண்டு வா

தம்பி, புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து கனடாவின் கிச்சனருக்குப் படிக்க வருகிறாய், கேரம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும், போர்டையே தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். நானும் காசிமேட்டுக்காரன்தான். உன் கவலை புரிகிறது.

போர்டு வேண்டாம். ஆடுகிற பரப்பே 29 அங்குலம். சட்டத்தையும் சேர்த்தால் ஒரு பக்கம் 35-ஐ ஒட்டி வரும். பெரும்பாலான விமானங்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 62 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தனிக் காசு. அந்தக் காசில் நல்ல குளிர்கோட்டு வாங்கு. கைக்குப் பழகிய ஸ்டிரைக்கர் மட்டும் போதும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் போனால் ஈழத்தமிழர்கள் நிறைய, கேரம் ஆட ஆள் கிடைக்கும். ஆனால் கிச்சனரிலிருந்து அது 100 கிலோமீட்டருக்கு மேல். ஜனவரிப் பனியில் வாராவாரம் யார் போய்வருவது?

நீ வந்து இறங்கும் ஊரைச் சுற்றியே குரோக்கினோல் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. பக்கத்திலுள்ள பெர்த் கவுண்டியில் எக்கார்ட் வெட்லாஃபர் என்பவர் 1876-இல் தன் மகனுக்குச் செய்து கொடுத்ததுதான் இதுவரை தெரிந்தவற்றில் பழைய பலகை. வட்டப் பலகை, மூலையில் பாக்கெட் கிடையாது. நட்டநடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி எட்டு முளை. ஸ்டிரைக்கரும் இல்லை, காயையே விரலால் சுண்ட வேண்டும். குழியில் நேராக விழுந்தால் 20. பலகையில் எதிராளி காய் இருந்தால் உன் சுண்டல் அதில் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும்; தொடாவிட்டால் நீ சுண்டிய காய் வெளியே.

நாற்காலியை நகர்த்தக் கூடாது, உட்கார்ந்த இடத்தில் புட்டத்தின் ஒரு பக்கமாவது ஒட்டியிருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம்ம மன்றத்தில் எழுந்து நின்று அடிக்கப் பார்க்கிற ஆட்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேரமில் சட்டத்தில் மோதித் திரும்பிவர ரிட்டர்னுக்கு அடிக்கிற வேகம் இங்கே செல்லாது. ஓங்கிச் சுண்டினால் எதிராளி காயோடு உன் காயும் ஓரப் பள்ளத்தில் விழும். லேசாகத் தட்டி, முளைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதுதான் இதில் சூட்சுமம். வடசென்னை விரலுக்கு அது பழகச் சில வாரம் பிடிக்கும், ஆனால் குறி பார்க்கும் கண் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

குரோக்கினோல் கிளப் எங்கே கூடுகிறது என்று நூலகத்தில் விசாரி. பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருப்பார்கள், பேச்சு கொடுத்தால் விடமாட்டார்கள். கேரம் என்றால் என்ன என்று கேட்டால் தயங்காமல் அளந்துவிடு: சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கியதே சென்னையில்தான், நம்ம கேரம் வீரர் மரிய இருதயம் அர்ஜுனா விருது வாங்கியவர், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் நம்ம பக்கத்துப் பெண் காசிமா மூன்று தங்கம் அடித்தாள்.

உலக குரோக்கினோல் போட்டி கிச்சனருக்குப் பக்கத்து ஊரான டவிஸ்டாக்கில் 1999-இலிருந்து நடக்கிறது, ஜூன் முதல் சனிக்கிழமை. பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. செப்டம்பரில் வந்தால் பழக முழுக் குளிர்காலமும் கையில் இருக்கிறது.