கொம்பு ஏந்திய பெண் யார்? ரோமானிய வெள்ளிக் காசை அடையாளம் காண்பது

கேள்வி: என்னிடமுள்ள ரோமானிய வெள்ளிக் காசின் முன்புறம் தாடி வைத்த பேரரசர் தலை. பின்புறம் நிற்கும் பெண்ணின் இடக்கையில் பழம் நிறைந்த கொம்பு. வலக்கையில் இருப்பது தேய்ந்துவிட்டது. எந்தத் தேவி? துலக்கினால் தெரியுமா?

பதில்: துலக்க வேண்டாம். விபூதி, புளி, பல்பொடி எதுவானாலும் முதலில் அழிவது மேடான பகுதிதான். நீங்கள் தேடும் கைப்பொருளும் அங்கேதான் இருக்கிறது. பள்ளத்தில் படிந்த கருமைதான் உருவத்தை எடுத்துக்காட்டுகிறது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய வெள்ளி நொறுங்கும் தன்மையுடையது, வளைத்துப் பார்க்காதீர்கள்.

கொம்பை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. அரை டஜன் தேவியர் அதை ஏந்துகிறார்கள். அவள் முகம் நமக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தால் வலக்கையும் நமக்கு இடப்பக்கமே இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். கையிலிருந்து சாய்ந்து தரையைத் தொடும் கோடு கப்பலின் சுக்கான், அவள் ஃபார்ச்சூனா. பாம்புகள் சுற்றிய சிறு கோல் என்றால் பெரும்பாலும் ஃபெலிசிட்டாஸ். மணிக்கட்டு உயரத்தில் குட்டையான கிடைக்கோடு பூசைத்தட்டு, அது பெரும்பாலும் கான்கார்டியாவின் அடையாளம். ஆலிவ் கிளை பாக்ஸுடையது.

குழப்புவது தராசுதான். கயிறுகள் தேய்ந்து, கைக்குக் கீழே இரண்டு புள்ளிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். ஈக்விடாஸ், மொனேட்டா இருவரும் அதே தராசு, அதே கொம்புடன் நிற்பார்கள். விளிம்பு எழுத்துதான் பிரிக்கும். 'கியூ' எழுத்தின் வால் தெரிந்தால் ஈக்விடாஸ்.

சில காசுகளில் தேவியின் பெயரே இராது, பதவி மட்டும் இருக்கும். பேரரசர் அந்தோனினஸ் பயஸ் காசில் 'சி ஓ எஸ்' (COS, 'கான்சல்' என்ற பதவியின் சுருக்கம்) என்பதை அடுத்து நான்கு கோடுகள் இருந்தால், நான்காம் முறை கான்சல் என்று பொருள், அது கி.பி. 145–161 காலத்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓக்ரே' (OCRE) இணையதளத்தில் அரசர் பெயரையும் படிந்த எழுத்துகளையும் கொடுத்துத் தேடலாம், இலவசம்.

எடையும் பாருங்கள். அந்தோனினஸ் பயஸ் காலத்து டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசின் பெயர்) சுமார் 3 முதல் 3.4 கிராம், குறுக்களவு 17–19 மில்லிமீட்டர். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ பரப்பில் குமிழ்க்குழிகளோ இருந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகியுங்கள். உருவம் மையம் விலகியிருப்பதும் விளிம்பு பிளந்திருப்பதும் கையால் அடித்த காசுக்கு இயல்பே. வெள்ளித் தோல் உரிந்து பச்சைச் செம்பு எட்டிப்பார்த்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். ரோமானியர் காலத்துக் கள்ளக்காசாகவும் இருக்கலாம், அதையும் சேகரிப்போர் உண்டு.